விற்பனைக்கு ஒரு கீபோர்டு

இன்று தமிழில் எழுதப்படும் வசனத்திலே விமரிசகர்கள் யாரும் திரும்பிப் பார்க்காத வகை ஒன்று இருக்கிறது. பழைய சாமான்களை விற்பதற்காகக் கைபேசியில் எழுதிப் போடுகிறார்களே, அந்த நாலு வரிக் குறிப்புகளைத்தான் சொல்லுகிறேன். நாவல் படிக்கிற பழக்கமே இல்லாதவர்கள்கூட அவற்றை ஊன்றிப் படிக்கிறார்கள். படித்த பிறகு பணமும் கொடுக்கிறார்கள். நாவலாசிரியர்களில் எத்தனை பேருக்கு வாய்த்தது அந்தப் பாக்கியம்?

அவற்றிலும் வாத்தியங்கள் பற்றிய குறிப்புகளை நான் விரும்பிப் படிப்பது வழக்கம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளுகிற அந்தத் துறைமுகக் கரைப் பக்கத்துக் குறிப்புகள் என்றால் இன்னும் விசேஷம். அங்கே வாத்தியம் என்பது கூடத்தில் பட்டுத் துணி போர்த்தி வைக்கிற பொருள் அல்ல. சாவு வீட்டில், கல்யாணத்தில், கோயில் திருவிழா மேடையில் உழைக்கிற பொருள். வட சென்னையின் கானா அப்படி வளர்ந்த சங்கீதம். ராயபுரத்துப் பெண்ணான இசைவாணி 2020-ல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றபோது, அதுவரை கானாவைக் காது கொடுத்துக் கேளாதவர்களும் ஒரு நிமிஷம் கேட்டார்கள். அந்தப் பாட்டுக்குப் பின்னால் வாசிக்கப்படும் தோலக்கும் கீபோர்டும் பல வேளைகளில் இரண்டாவது, மூன்றாவது கைக்கு வந்தவை. ஆகவே அந்தக் குறிப்புகளை ஒரு சங்கீதத்தின் கணக்குப் புத்தகமாகவே நான் படிக்கிறேன்.

ஏலம் என்பது அந்தப் பகுதிக்குப் புதிதல்ல. விடிவதற்கு முன்னால் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால் அசல் ஏலத்தைப் பார்க்கலாம். மீன் எதிரே கிடக்கிறது. வாங்க வந்த அம்மாள் செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறாள். ஏலம் விடுகிறவர் தொண்டை கட்டக் கூவுகிறார். அவர் சொல்லில் அலங்காரம் கிடையாது, எண்கள்தான். பொருளே முன்னால் கிடக்கும்போது வர்ணனை எதற்கு? வர்ணனை பிறப்பது பொருள் கண்ணுக்கு மறைந்த இடத்தில்தான். இலக்கியத்துக்கும் இது பொருந்தும் என்று தோன்றுகிறது, ஆனால் அந்தப் பேச்சை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

பொருளைக் காணாமலே ஏலம் எடுக்கிற வழக்கத்தை உலகத்துக்குப் பெரிய அளவில் பழக்கியது 1995-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஈபே. அதில் முதலில் விலைபோனது உடைந்துபோன ஒரு லேசர் சுட்டுக்கோல் என்பார்கள். 14 டாலர் 83 சென்ட். உடைந்தது என்று சொல்லித்தான் விற்றார்களாம். இந்தியாவில் 2000-ல் ஆரம்பித்த பாஸீ என்ற ஏலத் தளத்தை ஈபே 2004-ல் வாங்கியது. பிறகு அந்தக் கடை ஃபிளிப்கார்ட்டின் கைக்குப் போய் 2018-ல் மூடப்பட்டது. இப்போது நம்மிடையே எஞ்சியிருப்பது ஓஎல்எக்ஸ் போன்ற வரி விளம்பரம்தான். ஆனால் நம்மவர்கள் அதையும் ஏலமாக்கிவிட்டார்கள். விற்பவர் ஒரு விலை போடுகிறார், "கடைசி விலை என்ன?" என்று பத்துப் பேர் கேட்கிறார்கள், ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லி விற்பவர் ஏற்றுகிறார். ஈபேயில் கெடு நேரம் உண்டு, கடைசி விநாடி வரை பதுங்கியிருந்து கேட்கிற தந்திரசாலிகளும் உண்டு. காசிமேட்டில் குரல் நின்றால் ஏலம் நின்றது. இங்கேயோ முடிவு என்பதே இல்லை. முன்பணம் கொடுத்தவரை விட்டுவிட்டு, அடுத்த நாள் ஐந்நூறு கூட்டிக் கொடுத்தவரிடம் போகிறது வாத்தியம்.

குறிப்புகளின் நடைக்கு வருகிறேன். பெரும்பாலானவை மோசமான வசனம். "நல்ல நிலையில் உள்ளது, அதிகம் உபயோகிக்கவில்லை, அவசர விற்பனை" - இந்த மூன்று வாக்கியங்களும் நம் தொடர்கதைகளில் வரும் நிலாவையும் தென்றலையும் போன்றவை. எழுதியவர் எதையும் பார்க்கவில்லை, படிப்பவருக்கும் எதுவும் தெரிவதில்லை. அதிகம் உபயோகிக்காத வாத்தியத்தைப் பெருமையாகச் சொல்லுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. கடற்காற்று வீசுகிற வீட்டில் கட்டிலுக்கு அடியில் நாலு வருஷம் கிடந்த கீபோர்டைவிட, வாரம் இரண்டு கச்சேரிக்குப் போய்வந்த கீபோர்டு மேல். உப்பும் ஈரமும் ஒயர் சொருகுகிற துளைகளைப் பச்சை பிடிக்க வைக்கும். கட்டைகளின் அடியில் இருக்கிற கரி பூசிய ரப்பர்ப் பட்டையில் தூசி படிந்தால் சில ஸ்வரங்கள் ஊமையாகிவிடும். சில, மெல்லத் தொட்டாலும் அலறும். ஒலிக் குமிழைத் திருப்பினால் வறுகடலை வறுக்கிற சத்தம். இவற்றில் ஒன்றையாவது சொல்லுகிற குறிப்பு நூற்றில் ஒன்று.

அப்படி ஒன்றைப் பார்த்தேன். நடுவில் ஒரு கட்டை பேசாது என்று எழுதி, எந்தக் கட்டை என்றும் எழுதி, சுருதி மாற்றும் பொத்தானைக் கொண்டு சமாளிக்கலாம் என்றும் ஒருவர் சேர்த்திருந்தார். ஊமைக் கட்டை விரலுக்குச் சிக்காத இடமாகப் பார்த்து வாசித்துவிட்டு, பாடுகிறவரின் சுருதியைப் பொத்தானால் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்பது பொருள். மூன்றே வரி. அதில் ஒரு மனிதர், அவருடைய ஏழ்மை, சாமர்த்தியம், நாணயம் எல்லாம் வந்துவிட்டன. நம் பத்திரிகைச் சிறுகதைகள் பலவற்றில் இத்தனை வருவதில்லை.

இந்த வகையில் ஆகச் சிறந்த நடை யாருடையது என்று கேட்டால், வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது: மோசடிக்காரருடையது. ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லிக்கொள்வார். மாற்றல் உத்தரவு வந்துவிட்டது என்பார். அடையாள அட்டையின் படம் அனுப்புவார். பாத்திரம், சூழ்நிலை, அவசரம், உணர்ச்சி - எல்லாம் அளவாக அமைந்திருக்கும். அவரே வாங்குபவராகவும் வேஷம் போடுவார். பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு கட்டப் படத்தை அனுப்பி, ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடச் சொல்லுவார். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை, கொடுப்பதற்குத்தான் தேவை. இது தெரியாமல் வாத்தியத்தை விற்க வந்தவர்கள் கையிலிருந்த பணத்தையும் இழந்திருக்கிறார்கள். குறையே இல்லாத கதையைச் சந்தேகிக்க வேண்டும் என்பதை ரசிகர்கள் இலக்கியத்தில் கற்றுக்கொள்ளாவிட்டாலும் இங்கே கற்றுக்கொள்ளுகிறார்கள்.

கதைக்கு விலை உண்டா? மேல் நாட்டில் உண்டு. கர்ட் கோபேன் 1993-ல் ஒரு தொலைக்காட்சிக் கச்சேரியில் வாசித்த மார்ட்டின் கிடார் 2020-ல் அறுபது லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. டேவிட் கில்மோரின் கறுப்புக் கிடார் அதற்கு முந்தின வருஷம் கிட்டத்தட்ட நாற்பது லட்சம். கீறலும் தேய்மானமும் அங்கே விலையை ஏற்றுகின்றன. இவர் வாசித்தார் என்ற ஒரு வரிதான் மரத்தைப் பொன்னாக்குகிறது. நம் திருவொற்றியூர்க் குறிப்பில் அந்த வரி எப்படி இருக்கும்? "இருநூறு சாவு வீடுகளில் வாசித்தது" என்று ஒருவர் உண்மையை எழுதினால் அதை எந்தக் கூடத்தில் ஏற்றுவார்கள்? விலை ஏறுமா, இறங்குமா? கானா கலைஞர்களைச் சினிமாவில் பார்த்துக் கைதட்டுகிறவர்களிடம்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். குறிப்பு எழுதுகிறவர் "அதிகம் உபயோகிக்கவில்லை" என்று பொய் சொல்லுவதற்கு ஒரு காரணம் இங்கே இருக்கிறது. அந்தப் பொய்யை எழுத வைப்பதில் படிப்பவர்களான நமக்கும் பங்கு உண்டு.

இன்னொரு விஷயமும் உண்டு. ரோலண்டு கம்பெனி எண்பதுகளின் தொடக்கத்தில் டிபி-303 என்று ஒரு சின்ன யந்திரம் செய்தது. கிடார் வித்வான்களுக்குத் துணையாக அடிநாதம் வாசிக்க வேண்டும் என்பது உத்தேசம்; அது சரியாக வாசிக்கவில்லை. 1984-ல் நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடைகளில் சொற்ப விலைக்கு வந்தது. பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற சினிமா வாத்தியக்காரர் அதற்கு முன்பே, 1982-ல், அதைக் கொண்டு பத்து ராகங்களை வாசித்து ஒரு இசைத்தட்டு வெளியிட்டார், சீந்துவார் இல்லை. சிகாகோவில் காசில்லாத கறுப்பர் இளைஞர்கள் அதே யந்திரத்தைக் குறைந்த விலைக்கு வாங்கித் திருகிப் பார்த்து, 1987-ல் ஒரு புதிய நடன இசையையே உண்டாக்கினார்கள். இப்போது அந்தப் பழைய யந்திரத்தின் விலை சேகரிப்பவர்களுக்குத்தான் கட்டும். சரண்ஜித் சிங்கின் தட்டும் 2010-ல் மறுபடி வெளியாகிப் புகழ் பெற்றது. மலிவு விலைதான் அந்தச் சங்கீதத்தின் தாய் என்று சொல்லலாம்.

எல்லாருக்கும் எல்லா விலையும் தெரிகிற காலத்தில் அந்த மலிவு தங்குமா? மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோகும் வரை, விஷயம் தெரியாத கடைக்காரரும் விஷயம் தெரிந்த ஏழையும் சந்திக்க ஓர் இடம் இருந்தது. இன்று எண்ணூரில் ஒருவர் பழைய ஆர்மோனியத்தை விற்க நினைத்தால், அதே போன்றது ஊரெல்லாம் என்ன விலை என்று பார்த்துவிட்டுத்தான் போடுகிறார். விற்பவருக்கு நியாயம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். அடையாற்றில் சும்மா கிடக்கிற கீபோர்டு எண்ணூர்ப் பையன் கண்ணில் படுவதும் தரகரில்லாத இந்த வழியால்தான். ஆனாலும், குப்பை என்று ஒதுக்கப்பட்டதில் ஒரு பையன் திருகிப் பார்த்து எடுக்கிற நாதத்துக்கு இனி இடம் எங்கே என்று யோசிக்கிறேன்.

சிலர் இப்போது குறிப்போடு வாசித்தும் காட்டுகிறார்கள், அரை நிமிஷப் படமாக. எழுத்தைவிட அது மேல். நான் கடைசியாகப் பார்த்ததில் வாசிப்பவரின் விரல்கள் மட்டும் தெரிந்தன. பின்னால் எங்கோ குக்கர் விசில், துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரியின் ஹாரன். ஏதோ ஒரு கட்டை ஊமை போலிருக்கிறது. விரல் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் தாண்டிப் போயிற்று. மூன்றாம் முறை அந்த இடம் வந்தபோது பக்கத்திலிருந்த ஒரு குழந்தை, விடுபட்ட ஸ்வரத்தைத் தானே வாயால் பாடிவிட்டது. விற்பவர் சிரித்துக்கொண்டே படத்தை நிறுத்திவிட்டார்.