சிவப்பு வரிகளை வாசிப்பவர்கள்

டேட்டா இன்டகிரேஷன் ஜாப் ஒன்று பாதியில் விழுந்ததும் திரை முழுக்கச் சிவப்பு வரிகள் ஓடும். அவசரக்காரர் முதல் வரியைக் காப்பி செய்துகொண்டு கூகுளுக்குப் போய்விடுவார். கைதேர்ந்தவர் கீழே இறங்கி, 'காஸ்டு பை' என்று தொடங்கும் கடைசிப் பகுதி வரை படிப்பார். எந்த வரியில் நாம் எழுதிச் சேர்த்த ரொட்டீனின் பெயர் இருக்கிறது, எதில் இல்லை என்று பார்ப்பார். அந்த வாசிப்பு ஒரு தேர்ந்த கலை என்றே நான் நினைக்கிறேன்.

டேலெண்ட் ஓப்பன் ஸ்டூடியோவை எடுத்துக்கொள்வோம். 2006இல் பிரான்ஸிலிருந்து வந்த கருவி. காம்பொனென்ட்களை இழுத்து வைத்துக் கோடு போட்டு இணைத்தால், உள்ளுக்குள் முழு ஜாவா நிரலாக அது மாறிவிடும். காம்பொனென்ட்களில் அடங்காத வேலைக்கு நாமே எழுதிச் சேர்க்கும் ஜாவா வகுப்புதான் ரொட்டீன். பல ஜாப்கள் ஒரே ரொட்டீனைக் கூப்பிடும் என்பதால், அங்கே நுழைந்த பிழை எல்லா இடத்திலும் தலைகாட்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பிழை ஒன்று உண்டு. விலையைக் கணக்கிடும் ரொட்டீன், எண்ணிக்கையை 'இன்ட்' வகையில் கேட்கிறது. கோப்பிலிருந்து வரும் புலமோ 'இன்டிஜர்' வகை. அது காலியாக இருக்கலாம். காலியான ரோ ஒன்று வந்ததும் நல் பாயிண்டர் எக்ஸெப்ஷன். ரொட்டீனை வரிவரியாகச் சலித்தாலும் குற்றம் எதுவும் அகப்படாது. காரணம், ரொட்டீன் ஓடவே இல்லை! நல் மதிப்பை இன்டாக மாற்றப் பார்த்த வாசற்படியிலேயே ஜாவா நின்றுவிட்டது. ட்ரேஸ் எனப்படும் அந்தச் சிவப்பு வரிகளில் ஜாபின் பெயர் இருக்கும், ரொட்டீனின் பெயர் இருக்காது. அந்த இல்லாமையைப் பார்த்ததுமே ரொட்டீனை மூடிவிட்டு, கூப்பிட்ட இடத்துக்குப் போகிறவரின் கண்ணுக்கு எத்தனை பாராட்டும் தகும்.

விழாமலே கெடுக்கும் பிழைகளும் உண்டு. தேதியை எழுத்தாக்கும் ரொட்டீனில், ஆண்டுக்குச் சிறிய 'ஒய்' நான்கு போடவேண்டிய இடத்தில் பெரிய 'ஒய்' நான்கு விழுந்துவிடும். பெரிய எழுத்து வாரக் கணக்கின் ஆண்டைத் தரும். பதினோரு மாதம் எல்லாம் சரியாகவே ஓடும். 2024 டிசம்பர் 30 வந்ததும் அது 2025 டிசம்பர் 30 ஆகிவிடும். ஜாப் பச்சையாகவே முடியும், கணக்கு மட்டும் ஓராண்டு தள்ளிப்போயிருக்கும். பிழை ஆண்டுக் கடைசியில் மட்டுமே வருகிறது என்று கேட்டதுமே 'ஃபார்மேட்டைக் காட்டுங்கள்' என்று சொல்பவர், இந்தத் தொழிலில் ஊறியவர்.

இன்னொன்று, 'சிம்பிள் டேட் ஃபார்மேட்'டை ஸ்டாட்டிக்காக வைத்திருக்கும் ரொட்டீன். ஜாபைப் பல திரெட்களில் ஓட்டினால் தேதிகள் ஒன்றோடொன்று கலந்துபோகும். ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு வேறு ரோ கெடும். அப்படி மாறி மாறிக் கெடுவதே துப்பு. டேட்டாவில் தவறு இருந்தால் அதே ரோதான் திரும்பத் திரும்பக் கெடும். 2014இல் ஜாவா 8 கொண்டுவந்த 'டேட் டைம் ஃபார்மேட்டர்' இதற்கு நிரந்தர மருந்து.

துப்பு கிடைத்தாலும் நல்ல வேலைக்காரர் உடனே நிரலில் கைவைக்க மாட்டார். லட்சக்கணக்கான ரோக்களில் குற்றம் செய்த ஒன்றைப் பிரித்தெடுத்து, அதை மட்டும் ஒரு சின்னக் கோப்பில் போட்டு, அதே பிழையை மறுபடி வரவழைப்பார். வரவழைக்க முடியாத பிழையைத் திருத்திவிட்டேன் என்று சொல்பவரை நான் நம்புவதில்லை.

திருத்தத்திலும் தரம் உண்டு. ரொட்டீனைச் சுற்றி ட்ரை போட்டு, கேட்சைக் காலியாக விட்டு, பூஜ்யத்தைத் திருப்பி அனுப்புவது பிழையைப் புதைப்பதுதான். அதற்குப் பதில், டீமேப் காம்பொனென்டில் 'டை ஆன் எரர்' டிக்கை எடுத்தால் எரர் ரிஜெக்ட் என்ற தனிப் பாதை கிடைக்கும். கெட்ட ரோ காரணத்தோடு அங்கே போய்ச் சேரும், மற்றவை தடையின்றி ஓடும். உங்கள் ரொட்டீன்களில் காலி கேட்ச் ஏதாவது இருந்தால், இன்றைக்கே திறந்து எடுத்துவிடுங்கள்.