காரணம் மறுக்கப்பட்ட நாயகியர்: அதீத கற்பனைத் தொலைக்காட்சித் தொடர்களின் பாத்திரவார்ப்புப் பற்றிய ஒரு நோக்கு

நாவல் ஒன்று தொலைக்காட்சித் தொடராக மாற்றப்படும்போது, கதை சில இடங்களிற் சுருங்குவதும் சில இடங்களில் விரிவதும் இயல்பே. நூலில் உள்ளவை யாவும் உள்ளவாறே திரையிலும் வரல்வேண்டும் என எதிர்பார்ப்பது, இவ்விரு கலைவடிவங்களுக்கும் இடையிலான வேறுபாட்டை உணராமையின் விளைவாகும். ஆயினும், மாற்றத்தின்போது எது கைவிடப்படுகின்றது, அதன் இடத்தில் எது வைக்கப்படுகின்றது என்பன தற்செயலானவை அல்ல. அத்தெரிவின் பின்னால் மனிதரைப் பற்றிய, குறிப்பாகப் பெண்களைப் பற்றிய, ஒரு கண்ணோட்டம் தொழிற்படுவதைக் காணலாம். அண்மைக்கால அதீத கற்பனைத் தொடர்களின் நாயகியர் சிலரை முன்வைத்து அக்கண்ணோட்டத்தினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதத் தூண்டியது ஓர் உரையாடல். 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' தொடரை இறுதிவரை பார்த்து முடித்த வகுப்பு நண்பர் ஒருவர், "பெண்ணின் கையில் அதிகாரத்தைக் கொடுத்தால் முடிவு இப்படித்தான் இருக்கும்" என்றார். அருகிலிருந்தோர் சிரித்தனர். எமக்கு உடனடியாக மறுமொழி கூற இயலவில்லை. ஏனெனில், அவர் தொடரைத் தவறாக விளங்கிக்கொண்டவர் அல்லர்; தொடர் எதைக் கூறிற்றோ அதையே அவரும் திருப்பிக் கூறினார். ஆகவே எமது மறுமொழி நண்பருக்கன்றித் தொடருக்கே உரியதாகின்றது.

எச்.பி.ஓ. நிறுவனம் 2011 முதல் 2019 வரை எட்டுப் பருவங்களில் 73 அங்கங்களாக ஒளிபரப்பிய இத்தொடர், அமெரிக்க எழுத்தாளர் ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையைத் தழுவியது. டேவிட் பெனியோஃப், டி. பி. வைஸ் ஆகிய இருவரும் இதனைத் தொலைக்காட்சிக்கு ஆக்கித் தந்தவர்கள். 1996இல் வெளிவந்த முதல் நாவலின் அத்தியாயங்கள் பாத்திரங்களின் பெயர்களையே தலைப்பாகக் கொண்டவை. முகப்பு அத்தியாயம் நீங்கலாக எண்மரின் பார்வையினூடாகவே அந்நாவலின் கதை நகர்கின்றது. அவ்வெண்மருள் நால்வர் பெண்கள்: கட்லின், அவளுடைய புதல்வியரான சன்சா, ஆரியா, கடலுக்கப்பால் வாழும் டெனேரிஸ். இவ்வுத்தியின் பயன் யாது? ஒரு பெண் யாது செய்தாள் என்பதை அறியுமுன், அவள் யாது எண்ணினாள் என்பதை வாசகர் அறிந்துவிடுகின்றனர். அவள் தவறிழைக்கலாம்; கொடுமையும் புரியலாம். ஆயின் அத்தவறும் கொடுமையும் அவளுடையனவாகவே இருக்கும். கதைக்கு ஒரு திருப்பம் தேவைப்பட்டது என்பதற்காக அவள்மீது சுமத்தப்பட்டனவாக இரா.

மனத்தினுள் நிகழ்வதைக் காட்டத் தொலைக்காட்சியால் இயலாது, ஆதலால் இவ்விழப்புத் தவிர்க்கவியலாதது எனச் சிலர் வாதிடுவர். இவ்வாதத்திற்கு அத்தொடரே மறுப்பாக அமைகின்றது. முதலாம் பருவத்தில், அரசி சேர்சியும் அரசன் ரொபர்ட்டும் தனித்திருந்து தம் இல்வாழ்வின் தோல்வியைப் பற்றி உரையாடும் காட்சியொன்று உண்டு. அது நாவலில் இல்லாதது. உரத்த சொல் எதுவுமின்றி, அந்த அரசி ஒருகாலத்திற் கொண்டிருந்த நம்பிக்கையும் அதன் அழிவும் அக்காட்சியிற் புலப்படுகின்றன. இரண்டாம் பருவத்தில், சிறுமி ஆரியா தன் குலப்பகைவன் டைவின் லானிஸ்டருக்கு மது ஊற்றும் பணிப்பெண்ணாக நிற்கும் காட்சிகளும் தொடருக்கென்றே எழுதப்பட்டவை. நாவலில் அவள் பணிபுரிவது வேறொருவனிடம். எனவே, பெண்ணொருத்தியின் மனத்தைத் திரையில் எழுத இவர்களால் முடியும், முடிந்தும் இருக்கின்றது. பிற்பகுதியில் ஏன் எழுதாமல் விட்டனர் என்பதே வினா.

முதலிற் சன்சாவை நோக்குவோம். நாவலில் அவள் மலைக்கோட்டையொன்றில் மாற்றுப் பெயருடன் மறைந்து வாழ்ந்து, அரசியற் சூழ்ச்சிகளைக் கூர்ந்து அவதானித்துக் கற்கின்றாள். ராம்சே போல்டன் என்னும் கொடியவனுக்கு மணமுடிக்கப்படுபவள் அவளல்லள். ஆரியா எனப் பொய்ப்பெயர் சூட்டப்பட்ட அவளுடைய தோழி. 2015இல் ஒளிபரப்பான ஐந்தாம் பருவத்தில், தோழிக்கு நேர்ந்த அவலம் சன்சாவின் மீது ஏற்றப்பட்டது. மணவிரவில் அவள் வன்புணர்வுக்கு ஆளாகும் காட்சியின் முடிவிலே, கமரா அவளைவிட்டு விலகி, அதனைப் பார்த்து நிற்கக் கட்டாயப்படுத்தப்பட்ட தியோன் என்னும் இளைஞனின் முகத்திற் சென்று நிலைக்கின்றது. துன்பம் அவளுடையது, அத்துன்பத்தின் பொருளோ அவனுடைய வேதனையினூடாக உணர்த்தப்படுகின்றது. இதனினும் பாரதூரமானது எட்டாம் பருவத்தில் வருவது. அம்மனிதர்கள் தனக்கு இழைத்த கொடுமைகள் இல்லாவிடின், தான் என்றும் ஒரு சிறு பறவையாகவே இருந்திருப்பாள் என்னும் பொருள்படச் சன்சாவே பேசுகின்றாள். அவதானமும் அறிவும் அவளுக்குத் தந்த முதிர்ச்சி முழுவதும் வன்முறையின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகின்றது.

எலாரியா என்னும் பாத்திரத்தின் மாற்றம் இன்னும் வெளிப்படையானது. கணவனைப் போன்று தன்னுடன் வாழ்ந்த ஒபரின் கொல்லப்பட்ட பின்னர், பழிவாங்கல் எங்குதான் முடிவுறும் எனக் கேட்டு அமைதியை வேண்டி நிற்பவளாகவே நாவலில் அவள் காணப்படுகின்றாள். போர்வெறி நிறைந்த அக்கதையுலகில் ஒலிக்கும் அரிய குரல்களுள் அதுவும் ஒன்று. தொடரிலோ அவள் பழிவெறியின் வடிவமாகின்றாள். 2016இல் வெளிவந்த ஆறாம் பருவத்தின் முதலங்கத்தில், ஒபரினுக்காகப் பழிவாங்கப் புறப்பட்டவள், ஒபரினின் சொந்தத் தமையனையே கொல்கின்றாள். தமையனின் மகனும் அவளுடைய கூட்டாளிகளாற் கொல்லப்படுகின்றான். நாவலில் அந்நாட்டின் ஆட்சியுரிமை, ஆண் பெண் என்ற பேதமின்றி மூத்த பிள்ளையையே சாரும். அவ்வுரிமைக்காகத் திட்டமிட்டுப் போராடும் அரியான் என்ற இளவரசிக்குத் தொடரில் இடமே அளிக்கப்படவில்லை. சிந்திக்கும் பெண்கள் இருவரின் இடத்தை, காரணமின்றிக் கொல்லும் பெண்ணொருத்தி நிரப்பிவிட்டாள்.

இக்குறைபாடு ஒரு தொடருக்கு மாத்திரம் உரியதன்று. அமேசன் நிறுவனம் 2022இல் வெளியிடத் தொடங்கிய 'த ரிங்ஸ் ஒஃப் பவர்' தொடரில் வரும் கலாட்ரியலையும் ஈண்டு நோக்கலாம். டோல்கீனின் படைப்பில் அவளுடைய பெருமை வாளினால் வந்ததன்று. பிறர் உள்ளத்தை ஊடுருவிக் காணும் மதிநுட்பத்தாலும், கைக்கெட்டிய பேரதிகாரத்தை வேண்டாவென மறுக்கும் தெளிவினாலும் வந்தது. டோல்கீன் எழுதிவைத்து அவர் மறைவின் பின் 1980இல் நூலாக வெளிவந்த கதைகளில், மாறுவேடத்தில் வந்த சௌரன் பலரை ஏமாற்றியபோதும் அவள் அவனை நம்பவில்லை. தொடரிலோ அவள் தமையனின் சாவுக்குப் பழிதீர்க்க அலையும் படைத்தலைவி. வாள்வீச்சில் அவளுக்கு நிகரில்லை. ஆயினும் தேடியலைந்த பகைவனையே அறியாது நண்பனாகக் கொண்டு, அவனைத் தானே அழைத்தும் வருகின்றாள். இறுதியில் அவனை நிராகரிக்கின்றாள் என்பது உண்மையே. எனினும் கையில் வாளைத் தந்தவர்கள் அவளது மதியைப் பறித்துக்கொண்டனர் என்பதை மறுத்தற்கில்லை. 'வலிமையான பெண்' என இன்று விளம்பரப்படுத்தப்படும் வாய்பாடு பெரும்பாலும் இத்தகையதே.

இனி, எமது நண்பரின் கூற்றுக்குக் காரணமான டெனேரிஸிடம் வருவோம். 2019இல் தொடர் நிறைவுற்றபோது மார்ட்டினின் ஆறாவது நூல் வெளிவந்திருக்கவில்லை; வழிகாட்ட நூல் இல்லாமையாலேயே முடிவு சிதைந்தது என்பர். சன்சாவும் எலாரியாவும் சிதைக்கப்பட்டபோது நூல்கள் கைவசம் இருந்தமையால், இச்சமாதானம் அரைகுறையானதே. அன்றியும், டெனேரிஸ் கொடுங்கோலியாக முடிவது தன்னளவிற் குற்றமன்று. அதற்கான வித்துக்கள் தொடக்கத்திலேயே இடப்பட்டிருந்தன. அடிமைச் சிறார் 163 பேர் சிலுவையில் அறையப்பட்டதற்கு ஈடாக 163 எசமானர்களை அவ்வாறே அறைந்தவள் அவள். விடுதலையாளர் ஒருவர் கொடுங்கோலராக மாறுவது வரலாறு பலமுறை கண்ட உண்மை. அதனை நேர்மையாகச் சித்திரித்திருப்பின் மகத்தானதோர் அவலக் காவியம் எமக்குக் கிடைத்திருக்கும்.

குறை எங்குள்ளது? 2014இல் ஒளிபரப்பான நான்காம் பருவத்தின் முடிவில், தன் பறவைநாகம் எரித்த ஒரு குழந்தையின் எலும்புகளை ஓர் ஏழைத் தந்தை அவள்முன் கொணர்ந்து வைக்கின்றான். அதனைத் தாங்கமாட்டாது, தன் பிள்ளைகளாகவே கருதிய இரு பறவைநாகங்களைக் கண்ணீருடன் நிலவறையிற் சங்கிலியிட்டுப் பூட்டுகின்றாள். அதே பெண் எட்டாம் பருவத்தின் ஐந்தாம் அங்கத்தில், சரணடைவைக் குறிக்கும் மணியோசை கேட்ட பின்னரும், குழந்தைகள் நிறைந்த நகரொன்றை வீதி வீதியாக எரிக்கின்றாள். இவ்விரு செயல்களுக்கும் இடைப்பட்ட மனப்பயணமே அவளுடைய கதை. தொடர் அதனை எழுதவில்லை. தோழியின் கொலை, நண்பனின் சாவு, காதலனின் விலகல் என இழப்புகள் விரைவாக அடுக்கப்படுகின்றன. இழப்புகளைக் கொண்டு அவள் யாது எண்ணினாள் என்பது மட்டும் சொல்லப்படவில்லை. மணியோசை கேட்கும்போது சில கணங்கள் அவளது முகம் காட்டப்படுகின்றது. எரிப்புத் தொடங்கியதும் அம்முகம் மறைகின்றது. அவ்வங்கம் முடியும்வரை மீண்டும் வருவதில்லை. அடுத்த அங்கத்தில், அவளுடைய செயலுக்கான விளக்கத்தைச் சிறையிலிருந்து டிரியன் என்னும் ஆண் இன்னோர் ஆணாகிய ஜோனுக்கு விரிவாக எடுத்துரைக்கின்றான். விளக்கத்தைக் கேட்டவன் அவளைக் குத்திக் கொல்கின்றான். பித்தனென்று பெயர்பெற்ற தந்தையின் குருதியே இதற்குக் காரணம் என்ற எண்ணமும் பார்வையாளர் மனத்தில் விதைக்கப்படுகின்றது. அரசியல் பேச வேண்டிய இடத்திற் பரம்பரை நோய் பேசப்படுகின்றது.

தமிழ் பயிலும் மாணவர் எவருக்கும் இவ்விடத்திற் கண்ணகி நினைவுக்கு வராமற் போகாள். அவளும் ஒரு நகரை எரித்தவளே. ஆயினும் எரிப்பதற்கு முன்பு அவள் அரசவைக்குச் சென்று வழக்குரைக்கின்றாள். சிலம்பை உடைத்துச் சான்று காட்டுகின்றாள். தீர்ப்பு அவள் பக்கம் வந்த பின்னரும் சினம் தணியாதபோது, முதியோர், குழந்தைகள் முதலானோரை விலக்குமாறு தீக்கடவுளுக்குக் கட்டளையிடுகின்றாள். அவள் செயலை நாம் ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். ஆனால் அதன் காரணத்தை அவள் வாய்மொழியாகவே அறிகின்றோம். மட்டக்களப்புப் பகுதியிலே கண்ணகையம்மன் கோயில்களில் வைகாசி மாதத்திற் குளிர்த்திச் சடங்கு இன்றும் நிகழ்கின்றது. அச்சினத்திற்கு நியாயம் உண்டெனக் கருதிய மக்கள் அதனைக் குளிர்விக்க முற்பட்டார்களேயன்றி, அவளைப் பித்தி எனக் கூறி ஒதுக்கவில்லை. இளங்கோவடிகளும் ஆணே, மார்ட்டினும் ஆணே என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். பெண்ணை எழுதப் பெண்ணாய்ப் பிறத்தல் கட்டாயமன்று. அவளுக்கும் ஒரு காரணம் உண்டு என நம்புவதே தேவை.

எனினும், எழுதும் அறையில் யார் இருந்தனர் என்ற வினாவையும் தவிர்த்தல் இயலாது. தொடரின் 73 அங்கங்களுள் பெண்கள் எழுதியனவும் எழுதுவதிற் பங்குகொண்டனவும் நான்கே. பெண் ஒருவர் இயக்கியனவும் நான்கே. மூன்றாம் பருவத்தின் பின் எழுத்தாளர் வரிசையிலும், நான்காம் பருவத்தின் பின் இயக்குநர் வரிசையிலும் பெண்பெயரே இல்லை. அத்துடன் பத்து அங்கங்களாக இருந்த பருவம் ஏழாகவும் ஆறாகவும் குறுகிற்று. குறுகிய நேரத்திற் போர்க்காட்சிகள் பெருகின. உரையாடற் காட்சிகள் அருகின. அதிர்ச்சி விலைபோகும் சந்தையில், படிப்படியாக வளரும் மனத்தைவிடத் திடீரென வெடிக்கும் மனமே இலாபம் தரும் பண்டமாகும். பெண்பாத்திரங்களைச் சிதைத்ததில் இவ்வணிக நியதிக்கும் பங்குண்டு.

நண்பருக்கு அன்று கூறத் தவறிய மறுமொழியை இப்போது கூறலாம். அத்தொடர் காட்டியது அதிகாரம் பெற்ற பெண்ணின் முடிவையன்று. காரணம் மறுக்கப்பட்ட பாத்திரத்தின் முடிவையே. காரணம் சொல்லப்படாத இடத்திற் பார்வையாளர் தத்தம் மனத்திலுள்ள முன்முடிவுகளையே காரணமாக இட்டு நிரப்பிக்கொள்வர். 'பெண் என்பதால்' என்பது அவற்றுள் மிக எளிதிற் கைக்கு வருவது. நாயகியொருத்தி மோசமாக எழுதப்படுவது கலைக்குறைபாடு மாத்திரமன்று என நாம் கூறுவது இதனாலேயே. அக்குறைபாடு திரையில் முடிந்துவிடுவதில்லை. மறுநாள் வகுப்பறையில் ஒரு சிரிப்பாக எழுகின்றது. அச்சிரிப்பின் நடுவே அமர்ந்திருக்கும் மாணவியர்க்கு விமர்சனம் செய்யக்கூடிய உதவி, விடுபட்ட காரணம் எங்கே என விடாது கேட்பதாகும்.