கென்னடியின் பட்டியலில் இரண்டு சொல்

ஒபர்கெஃபெல் எதிர் ஹாட்ஜஸ் தீர்ப்பை இந்த வாரம் முழுசா வாசிச்சேன். தன்பாலினத் திருமணத்தை அமெரிக்கா முழுக்கச் சட்டபூர்வமாக்கிய தீர்ப்பு. 2015 ஜூன் 26, உச்ச நீதிமன்றம், 5-க்கு 4. அதன் கடைசிப் பத்தி ரொம்பப் பிரபலம், கல்யாணங்களில் வாசிக்கிறார்கள். எனக்கு வேறொரு இடத்தில் கண் நின்றுவிட்டது. திருமணம் ஆனவர்களுக்கு மட்டும் மாநிலங்கள் என்னென்ன தருகின்றன என்று நீதிபதி கென்னடி நடுவில் அடுக்கிக்கொண்டே போகிறார். வரி, வாரிசுரிமை, மருத்துவமனையில் உடனிருப்பது, தத்தெடுப்பு, இறப்புச் சான்றிதழ், தேர்தல் நன்கொடை விதிகள்கூட உண்டு. கிட்டத்தட்டக் கடைசியில் இரண்டு சொல்: மருத்துவக் காப்பீடு. அதோடு சரி, அடுத்ததுக்குப் போய்விடுகிறார்.

காப்பீடு ஏன் கல்யாணத்தோடு கட்டப்பட்டிருக்கு என்று தீர்ப்பு கேட்கவே இல்லை. என் குறை இதுதான்.

கதை 1942ல் ஆரம்பிக்குது. போர்க்காலம், விலைவாசி ஏறக்கூடாது என்று சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். ஆள் பற்றாக்குறையோ கடுமை. காப்பீடு போன்ற சலுகைகளை அந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் தொடாததால், சம்பளத்தைக் கூட்ட முடியாத முதலாளிகள் இன்சூரன்ஸைக் காட்டி ஆள் பிடித்தார்கள். முதலாளி கட்டும் பிரீமியம் தொழிலாளியின் வருமானத்தில் சேராது, வரியும் கிடையாது என்று 1954 வரிச் சட்டம் உறுதி செய்தது. இன்று 15 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குக் காப்பீடு இந்த வழியில்தான் வருது. வேலை ஒருத்தருக்கு, அட்டை அவரோட மனைவிக்கும் பிள்ளைகளுக்கும். புருஷன் சம்பாதிப்பான், மற்றவர்கள் அவனை ஒட்டி வாழ்வார்கள் என்ற அந்தக் காலக் கணக்கு. (எச்-4 விசாவில் அங்கே போன நம்ம ஊர்ப் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.)

இப்படிப்பட்ட ஏற்பாட்டில் கல்யாணம் மறுக்கப்பட்டால் என்ன ஆகும்? 1996 சட்டப்படி மத்திய அரசு தன்பாலினத் திருமணத்தை ஏற்கவில்லை. சில நிறுவனங்கள் தாமாகவே முன்வந்து அந்தத் துணைவர்களுக்கும் காப்பீடு கொடுத்தன. ஆனால் துணைவருக்காக முதலாளி கட்டிய பங்கை வரித்துறை பொதுவாக ஊழியரின் வருமானமாகக் கணக்கிட்டது. ஒரே அலுவலகம், ஒரே திட்டம். மனைவியைச் சேர்த்தவருக்கு வரி இல்லை, அவர் பக்கத்து நாற்காலிக்காரருக்கு உண்டு. 2013 விண்ட்சர் தீர்ப்புக்குப் பிறகுதான், கல்யாணம் செய்துகொண்ட ஜோடிகளுக்கு இது ஒழிந்தது.

இனி கென்னடியின் வாதத்துக்கு வருவோம். திருமணம் சமூகத்தின் அடித்தளம், அதனாலேயே மாநிலங்கள் அதைச் சுற்றிச் சலுகைகளை வைத்திருக்கின்றன, ஆகவே ஒரு சாராரை வெளியே நிறுத்துவது அவமதிப்பு என்கிறார். முடிவில் எனக்கு மறுப்பில்லை. ஆனா காப்பீட்டு விஷயத்தில் இந்த வரிசை பொருந்தவில்லை. சம்பளக் கட்டுப்பாட்டில் முளைத்து வரிச் சலுகையில் வளர்ந்த ஒன்றை, திருமணத்தின் மாண்புக்குக் கிடைத்த மரியாதை போல ஆக்கிவிடுகிறார். விசித்திரம் என்னன்னா, இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தவர் எதிர்த்துத் தீர்ப்பெழுதிய தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். குறிப்பிட்ட சலுகைகள் மறுக்கப்பட்டதை மட்டும் எதிர்த்து வழக்கு வந்திருந்தால் என் பார்வை வேறாக இருந்திருக்கலாம் என்ற பொருளில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அவரும் அதை வளர்க்கவில்லை.

சட்டப் பேராசிரியர் நான்சி பொலிகாஃப் 2008லேயே ஒரு முழு நூலில் வாதிட்டது இதைத்தான்: ஒவ்வொரு சட்டமும் எதற்காக இருக்கிறது என்று பார், அதற்கேற்ற உறவுகளை அதில் சேர், கல்யாணத்தை ஒரே அளவுகோலாக வைக்காதே. தீர்ப்புக்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால் அவர் பயந்தது வீணில்லை. சில நிறுவனங்கள் துணைவர்களுக்கான காப்பீட்டை நிறுத்தின. "இப்பதான் கல்யாணம் பண்ணிக்கலாமே, பண்ணிட்டு வாங்க" என்ற தர்க்கம். அப்போது பல மாநிலங்களில் தன்பாலின ஈர்ப்பாளர் என்பதற்காகவே ஒருத்தரை வேலையை விட்டுத் தூக்கலாம். மத்தியச் சட்டம் அதைத் தடுக்கிறது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2020ல்தான். காப்பீட்டுக்காகத் திருமணத்தைப் பதிவு செய்து, அந்தச் சான்றிதழை அலுவலகத்தில் நீட்டுவது அவர்களுக்குச் சின்ன விஷயமா?

ஆனாலும் "இந்தத் தீர்ப்பால் என்ன பயன்" என்று பேசுபவர்களோடு என்னால் சேர முடியவில்லை. ஜிம் ஒபர்கெஃபெல்லின் துணைவர் ஜான் ஆர்தருக்கு ஏ.எல்.எஸ். நோய். 2013ல் மருத்துவ விமானத்தில் மேரிலாந்துக்குக் கொண்டுபோய், ஓடுபாதையில் நின்ற அந்த விமானத்துக்குள்ளேயே கல்யாணம். மூன்று மாதத்தில் ஆர்தர் இறந்துவிட்டார். அப்படிப்பட்ட நிலையில் இருக்கும் ஒருத்தரிடம் போய், மொத்த ஏற்பாடும் மாறும்வரை பொறுங்கள் என்று சொல்ல பொலிகாஃப் பக்கத்து ஆட்களுக்கே வாய் வராது. 2014 முதல் ஒபாமா காலச் சட்டத்தால், ஏற்கெனவே நோய் இருப்பதைக் காட்டிக் காப்பீட்டை மறுக்க முடியாது. பிடி கொஞ்சம் தளர்ந்தது, அறுபடவில்லை.

கென்னடியின் பட்டியலில் இல்லாத பக்கம் ஒன்று உண்டு: கல்யாணம் காப்பீட்டைப் பறிக்கும் இடம். ஏழைகளான மாற்றுத்திறனாளிகளுக்கு எஸ்.எஸ்.ஐ. என்ற உதவித்தொகை இருக்கு. பெரும்பாலான மாநிலங்களில் மெடிக்கெய்ட் காப்பீடு அதோடு சேர்ந்தே வரும். அதைப் பெற, கையிருப்பு தனி ஆளுக்கு 2,000 டாலருக்கு மேல் போகக்கூடாது. இருவரும் கல்யாணம் செய்துகொண்டால் சேர்த்து 4,000 இல்லை, 3,000. இந்த வரம்பு 1989லிருந்து ஏறவே இல்லை. துணைவர் சம்பாதிப்பவர் என்றால் அவர் வருமானமும் கணக்கில் ஏறும். வீட்டுக்கே வந்து குளிப்பாட்டி, உடை மாற்றிவிடும் உதவியாளரின் செலவை மெடிக்கெய்ட் ஏற்கும். கம்பெனி இன்சூரன்ஸ் பொதுவாக ஏற்காது. அதனால் காதலித்தும் பதிவு செய்யாமல் வாழ்கிறார்கள், சிலர் காகிதத்தில் விவாகரத்து வாங்குகிறார்கள். தீர்ப்பு வந்த அன்று இவர்களுக்கும் திருமண உரிமை இருந்தது. அதைப் பயன்படுத்தினால் மறுநாள் காலையில் உதவியாளருக்கு யார் பணம் கொடுப்பது என்பதுதான் அவர்கள் கேள்வி.