கட்டாய எடுப்பும் டிசம்பர் 31ஆம் நாள் இருப்பும்

அமெரிக்காவில் ஐஆர்ஏ எனப்படும் தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கின் மரபான வகையில், உழைக்கும் காலத்தில் சேர்க்கும் பணத்துக்குரிய வருமான வரி பொதுவாகத் தள்ளிவைக்கப்படுகிறதே தவிரத் தள்ளுபடி செய்யப்படுவதில்லை. ஆகவே 73 வயதை எட்டியவர் ஆண்டுதோறும் ஒரு குறைந்தபட்சத் தொகையை எடுத்து, அதற்கு வரி செலுத்தியே ஆகவேண்டும் என்கிறது சட்டம். நெடுங்காலம் 70½ ஆக இருந்த இவ்வயது வரம்பு, 2019, 2022ஆம் ஆண்டுச் சட்டங்களால் படிப்படியாக உயர்ந்தது. 2033 முதல் அது 75 ஆகும்.

முந்தைய ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் இருப்பை, வரித்துறையின் ஆயுள் அட்டவணை வயதுக்கேற்பத் தரும் எண்ணால் வகுத்தால் வருவதே எடுக்கவேண்டிய தொகை. 73 வயதுக்குரிய எண் 26.5 என்பதால், 5,30,000 டாலர் இருப்புள்ளவர் 20,000 டாலர் எடுக்கவேண்டும். அந்த எண் 80 வயதில் 20.2 ஆகவும் 90 வயதில் 12.2 ஆகவும் குறைந்துகொண்டே போக, எடுக்கும் பங்கு கூடுகிறது. ஆயினும் எஞ்சியதில் ஒரு பங்கே எப்போதும் கேட்கப்படுவதால், கட்டாய எடுப்பு மட்டுமே ஒரு கணக்கைக் காலியாக்கிவிடாது. இம்முறையின் உண்மையான வலிமை இதுவே.

குறை, அளவுகோலை ஒரே நாளில் நிறுத்தியதில் இருக்கிறது. 2008இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஏறத்தாழ 37 விழுக்காடு சரிந்தபோதும், அவ்வாண்டுக்குரிய எடுப்பு 2007 இறுதியின் உயர்ந்த இருப்பைக் கொண்டே கணக்கிடப்பட்டது. மேற்கண்ட 5,30,000 டாலர் அதே அளவு சரிந்தால் 3,33,900 ஆகும். எடுக்கவேண்டிய 20,000 மாறாது. 4 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த பங்கு 6 விழுக்காட்டை நெருங்கிவிடும். நாடாளுமன்றம் 2009க்கும், பின்னர் 2020க்கும் எடுப்பைத் தள்ளுபடி செய்தது. அடிபட்ட 2008க்கோ விலக்கு கிடைக்கவில்லை. ஆண்டுக்கொரு முறை தற்காலிக விலக்கை எதிர்பார்த்திருப்பதைவிட, இரண்டு ஆண்டு இறுதி இருப்புகளில் குறைந்ததை அளவாகக் கொள்வது நியாயமாக இருக்கும்.

சட்டம் எடுக்கச் சொல்கிறதே அன்றிச் செலவழிக்கவோ விற்கவோ சொல்லவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. பங்குகளை விற்காமல் அப்படியே சாதாரண முதலீட்டுக் கணக்குக்கு மாற்றினாலும் அது எடுப்பாகவே ஏற்கப்படும். அன்றைய மதிப்புக்கு வரி கட்டினால் போதும். சரிவில் விற்று நட்டப்படுவதைத் தவிர்க்கும் இவ்வழி, கையில் வரிக்கான பணம் தனியே உள்ளவருக்கே பயன்படும்.

எடுக்கத் தவறிய தொகைக்கு முன்பு 50 விழுக்காடாக இருந்த அபராதம் இப்போது 25. உரிய காலத்துக்குள் திருத்திக்கொண்டால் 10. இது வரவேற்கத்தக்க தளர்வு. ஆனால் நினைவும் கணக்கும் தளரும் 80, 90 வயதுகளிலும், சரியான தொகையை எடுக்கும் இறுதிப் பொறுப்பைச் சட்டம் கணக்குக்குரியவரிடமே விட்டிருக்கிறது.