மணிமுத்தாற்றில் போட்ட குரல்

‘ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுகிறான்’ என்று ஒருவனைக் கேலி செய்தால் விருத்தாசலத்துக்காரன் சிரிக்க மாட்டான். அப்படித் தேடி எடுத்தவர் எங்கள் ஊர்க் கதையிலேயே இருக்கிறார். விருத்தாசலம் என்கிற திருமுதுகுன்றத்தில் இறைவனிடம் வாங்கிய 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்ட சுந்தரர், திருவாரூர் போய்க் கமலாலயத்தில் இறங்கி எடுத்தார். எல்லோரும் சொல்கிற கதை இதோடு முடிந்துவிடும். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வருகிற சங்கதி. ஆற்றில் போடுவதற்கு முன்பு அவர் பொன்னில் ஒரு துணுக்கை ‘மச்சம்’ வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் கிடைத்ததை அதோடு வைத்து உரைத்தால், மாற்று குறைந்திருந்தது. ஆண்டவன் கொடுத்ததாயிற்றே என்று அவர் பேசாமல் இருந்துவிடவில்லை. மாற்று சரியாக வரும்வரை மறுபடி பாடினார். உரைத்துப் பார்த்துச் சொன்னவருக்கு மாற்றுரைத்த விநாயகர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

வேல்முருகன் பாடிய பாட்டு எங்கே ஒலித்தாலும் எனக்கு இந்த மச்சம்தான் ஞாபகம் வரும்.

சினிமாப் பாட்டுக் கேட்பவர்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ‘சுப்பிரமணியபுரம்’ படத்தில் ‘மதுர குலுங்க குலுங்க’, ‘ஆடுகளம்’ படத்தில் ‘ஒத்த சொல்லால’ என்று இரண்டைச் சொன்னால் போதும். ஆனால் இவர் எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் மதுரை என்பார்கள். ஒருவர் தேனி என்பார். விருத்தாசலத்தை அடுத்த முதனை என்று சொல்ல ஆளே இருக்காது.

முதனைப் பக்கம் செம்மண். முந்திரிக் கொல்லைகள். முந்திரி மரத்தைத் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியாது. அது தென்னை மாதிரி நெடுக நின்று வழிவிடுகிற மரம் கிடையாது. கிளைகள் தரையைத் தொடும் அளவுக்குக் கவிந்து கிடக்கும். கொட்டை பொறுக்க உள்ளே குனிந்து நுழைந்துவிட்டால் பக்கத்து மரத்தடியில் இருப்பவர் கண்ணுக்குத் தெரிய மாட்டார். எல்லாம் குரல்தான். ‘ஏ…’ என்று இங்கிருந்து ஒரு இழுப்பு, அங்கிருந்து பதிலுக்கு ஒன்று. அந்த இழுப்பு இலைகளில் மோதி மழுங்கிவிடாமல் போய்ச் சேர வேண்டும். அதற்கு அடித்தொண்டை உதவாது. வாயைத் திறந்து, மூக்கும் கொஞ்சம் சேர, கூராக விட வேண்டும். இந்தப் பக்கத்துத் தொண்டைகளுக்கு அந்தக் கூர்மை முந்திரிக் காட்டிலிருந்து வந்தது என்பது என்னுடைய ஊகம். நிரூபிக்கச் சொன்னால் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போவதைத் தவிர வழியில்லை.

என் கையில் இருக்கிற மச்சம் இன்னொன்று. திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்கு முன்பு பாரதக் கூத்து நடக்கும் ராத்திரிகள். கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். விடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது, பாதிக் கூட்டம் துண்டை விரித்துப் படுத்திருக்க, கட்டியங்காரனின் குரல் ஊரைத் தாண்டி ஏரிக்கரை வரை போகும். குழாய் ஸ்பீக்கருக்கு ஒரு குணம் உண்டு. கனத்த ஓசையை விழுங்கிவிடும். நடுவில் இருப்பதை மட்டும் கூர் சீவி வெளியே துப்பும். மனிதக் காதும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலிக்குத்தான் அதிகம் விழித்துக்கொள்ளும். ஆக, குழாயும் காதும் கூட்டு. அந்தக் கூட்டுக்குத் தோதாகத் தொண்டையைப் பழக்கிக்கொண்டவன் பாடினால் மைல் தொலைவில் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான். சுவர் இல்லாத வெளியில் பாடுகிறவனுக்கு எதிரொலி உதவி செய்யாது. ஓர் ஓசையை நிறுத்தினால் நின்றதுதான். அதனால் அவன் வரிக் கடைசியை நெளிவு வைத்து அலங்கரிக்க மாட்டான். ஒன்று, நீள இழுப்பான். இல்லையென்றால் கல்லைப் போடுவதுபோல் டக்கென்று போட்டுவிடுவான்.

(இப்போதெல்லாம் மைக் செட்டில் ‘எக்கோ’ என்று ஒரு திருகு இருக்கிறது. அதைக் கடைசிவரை திருகிவிட்டு, பாஞ்சாலி துகிலுரிதலைக் கிணற்றுக்குள் நடத்திவிடுகிறார்கள். போகட்டும்.)

நாட்டுப்புற மெட்டு தமிழ் சினிமாவுக்குப் புதிதில்லை. 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தபோது இளையராஜா கிராமத்து மெட்டைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் உட்கார வைத்தார். ஆனால் பாடியவர் எஸ். ஜானகி. மெட்டு வயலிலிருந்து வந்தது, தொண்டை ஸ்டுடியோவிலேயே இருந்தது. குறையாகச் சொல்லவில்லை, ஜானகி ஜானகிதான். மண்வாசனை என்று நாம் கொண்டாடியதில் பாதி, நன்றாகக் கழுவிய மண் என்று மட்டும் சொல்கிறேன். கழுவாத தொண்டை 1985-ல் ‘ஆண்பாவம்’ படத்தில் கொல்லங்குடி கருப்பாயியோடு வந்தது. 2003-ல் ‘தூள்’ படத்தில் பரவை முனியம்மா வந்து தெம்மாங்குக் குரலில் ஒரு சண்டையையே நடத்திக் காட்டினார். இருவரும் பாடியதோடு நடித்தும் இருந்தார்கள். பாட்டியின் முகத்தைக் காட்டித்தான் அந்தக் குரலுக்கு நியாயம் சொல்ல வேண்டியிருந்தது, பாருங்கள்! கிராமத்துக் குரல் என்றால் வாய்க்குப் பக்கத்தில் ஒரு வெற்றிலைப் பெட்டியும் தெரிய வேண்டும் என்பதுபோல.

வேல்முருகன் விஷயத்தில் நடந்தது வேறு. 2008-ல் ‘சுப்பிரமணியபுரம்’. ஜேம்ஸ் வசந்தன் இசை. ஊரே ‘கண்கள் இரண்டால்’ பாட்டில் கிறங்கிக் கிடந்த நேரத்தில், அதே ஒலிநாடாவில் திருவிழாப் பாட்டாக ‘மதுர குலுங்க குலுங்க’ இருந்தது. முகம் தெரியாத ஒரு குரல், நடிகர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கூட்டத்தைத் தானே கூட்டியது. எனக்கு முதலில் தட்டுப்பட்டது மெட்டு இல்லை. அவர் சொற்களைப் பிடிக்கிற விதம். பாடகர்கள் பொதுவாக உயிரெழுத்தில் சவாரி செய்வார்கள், மெய்யெழுத்தைத் தாண்டிக் குதிப்பார்கள். இவர் வல்லின மெய்களில் காலை ஊன்றி நிற்கிறார். ட்ட, க்க, ற்ற எல்லாம் அடி விழுந்த மாதிரி கேட்கும். பறையோடும் பம்பையோடும் பாடிப் பழகியவனுக்குத்தான் இது வரும். தாளம் வெளியில் பலமாக இருக்கும்போது, சொல்லும் ஒரு தோல்கருவியாகாவிட்டால் அடிபட்டுப் போகும்.

2011-ல் ‘ஒத்த சொல்லால’. ஜி.வி. பிரகாஷ் இசை, ஏகாதசியின் வரிகள். ஒருத்தி சொன்ன சொல்லால் தலைகால் புரியாமல் லுங்கியோடு தெருவில் ஆடுகிறவனின் பாட்டு. இப்படிப்பட்ட சந்தோஷத்தைத் தேர்ந்த பாடகர் பாடினால் குரலில் தேன் தடவுவார். வேல்முருகன் குரலில் தேன் கிடையாது. நம்ப முடியாத ஆச்சரியம் இருக்கிறது, மூச்சு வாங்குகிறது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருப்பவரைப் பிடித்து நிறுத்திச் செய்தி சொல்கிற அவசரம் இருக்கிறது. மேலே ஏறும்போது குரல் ஓரத்தில் மெலிசாகப் பிசிறுகிறது. அந்தப் பிசிறைச் சரிசெய்யாமல் விட்டவர்கள் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும். அந்தப் படத்து நடனத்துக்காக தினேஷ் குமாருக்குத் தேசிய விருது கிடைத்தது. தகும். ஆனாலும் தனுஷின் கால்கள் எங்கே உதற வேண்டும் என்பதைக் குரல் முன்னாடியே சொல்லிவிடுகிறது என்பது என் கட்சி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள், கால் தெரியும்.

மச்சத்தோடு வைத்து உரைக்க இன்னும் வசதியான பாட்டு ஒன்று உண்டு. 2012-ல் வந்த ‘ஒரு கல் ஒரு கண்ணாடி’யின் ‘வேணாம் மச்சான்’. ஹாரிஸ் ஜெயராஜ் அதில் வேல்முருகனையும் நரேஷ் ஐயரையும் ஒரே பாட்டில் பாட வைத்தார். நரேஷ் ஐயர் அழகாகப் பாடுகிறவர். சுருதி இடம் பிசகாது, ஒவ்வொரு சொல்லையும் வழவழப்பாக இறக்கி வைப்பார். பக்கத்திலேயே இவர். ஒரே மெட்டில் ஒருவர் பாடுவது பாட்டாகவும், இன்னொருவர் பாடுவது பேச்சு முற்றிப் பாட்டானதாகவும் கேட்கிறது. நண்பனுக்குப் புத்தி சொல்கிற பாட்டில், புத்தி கேட்டு நடப்பதானால் நான் யாருடைய குரலைக் கேட்பேன் என்று சொல்ல வேண்டுமா?

எல்லாமே பொன் என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஊர் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மை செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச, உட்சுவரில் கூழ் தோல்போல் கட்டும். மிச்சத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே பிள்ளையார், வாத்து, உண்டியல், எது வேண்டுமோ அது. இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் மட்டும் ஒரு கோடு ஓடும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துத்தான் சூளைக்கு அனுப்புவார்கள். ஒரு குரல் ஜெயித்ததும் சினிமா அதற்கு அச்சுச் செய்துவிடுகிறது. அறிமுகப் பாட்டு, குடிப் பாட்டு, திருவிழாப் பாட்டு என்று மூன்று அச்சு. ஆண்டு தவறாமல் கூழ் ஊற்றினார்கள். கோட்டைச் சுத்தமாகச் சுரண்டி, சுருதிப் பிசிறைக் கணினியில் தேய்த்து, மேலே மெருகும் பூசிய பாட்டுகளில் குரல் இருக்கிறது, ஆள் இல்லை. அவற்றை உரைத்தால் மாற்று குறைகிறது. சுந்தரரிடமும் குறைந்துதான் வந்தது என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறேன்.

2019-ல் ‘அசுரன்’ படத்தின் ‘கத்தரிப் பூவழகி’யைக் கேட்டபோது மாற்று மறுபடி ஏறியிருந்தது. கூடப் பாடிய ராஜலட்சுமியும் மேடை நாட்டுப்பாட்டில் பழகியவர். எதிரே நிற்பவருக்கு அதே பாஷை தெரியும் என்றால் மனிதன் கத்திப் பேச வேண்டியதில்லையே. இதில் அவர் குரலை இறக்கி, குறும்பாக, ஒரு எட்டுப் பின்வாங்கி நின்று பாடுகிறார். உரக்கப் பாடத் தெரிந்தவர் உரக்கப் பாடாமல் இருப்பதற்குத் தனி ருசி. அதற்கடுத்த ஆண்டு பிக் பாஸ் வீட்டுக்குள் போனார். அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கதவைப் பூட்டிய வீட்டில் வைத்துக் கேட்க வேண்டிய தொண்டை இல்லை அது.

அமெரிக்கர்கள் நாட்டுப்புறத்தான் பாட்டுக்கு ‘கன்ட்ரி’ என்றே பெயர் வைத்துப் பெரிய சந்தையாக்கிவிட்டார்கள். அதன் மூத்த பிள்ளை ஜிம்மி ராட்ஜர்ஸ், மிசிசிப்பிக்காரர். ரயிலில் பிரேக் போடுகிற வேலை பார்த்தவர். 1927-ல் பிரிஸ்டல் என்ற ஊரில் முதல் இசைத்தட்டுக்குப் பாடினார். காசநோயால் 1933-ல் இறந்தபோது வயது 35. சேலத்துக்கும் திருச்சிக்கும் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் தண்டவாளம் பிரிகிற ஜங்ஷன்காரன் என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு ஒட்டுதல். பாடிக்கொண்டே வந்து குரலை நடுவில் முறித்து மேலே ஏற்றிவிடுவார். அந்த முறிப்புதான் அவருடைய கையெழுத்து. அவருடைய தட்டுகள் எப்படியோ கென்யா வரை போயின. அங்கே கிப்சிகிஸ் இனத்து மக்கள் அந்தக் குரலைக் கேட்டு, பாடுகிறவன் பாதி மனிதன் பாதி மானாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, ‘செமிரோச்சா’ என்று அவன்மேல் பாட்டும் கட்டிவிட்டார்கள். 1950-ல் ஹ்யூ டிரேசி அதைப் பதிவு செய்திருக்கிறார். ஊரைவிட்டுக் கிளம்பிய குரல், போன இடத்துக்காரர்கள் நினைத்த உருவத்தை எடுத்துக்கொள்ளும். எங்கள் குரல் மானாகவில்லை, மதுரைக்காரனாகிவிட்டது. மணிமுத்தாற்றில் போட்டோம், வைகையில் எடுத்தார்கள்.

எனக்கு மதுரைமேல் கோபமில்லை. மதுரைக்கு சினிமா இருக்கிறது, எங்கள் பக்கமான நடுநாட்டுக்கு எழுத்து மட்டும்தான் இருக்கிறது. இமையத்தின் ‘கோவேறு கழுதைக’ளில் வருகிற ஆரோக்கியத்தின் அழுகையும், கண்மணி குணசேகரன் மணக்கொல்லையில் உட்கார்ந்து ‘அஞ்சலை’யில் எழுதிய பெண்களின் வசவும் தாளில் இருந்தபடியே காதில் விழும். அவர் ஊர் ஊராகக் கேட்டுச் சேர்த்த ‘நடுநாட்டுச் சொல்லகராதி’யைப் புரட்டினால், பாட்டுக்குள் போகாமல் எத்தனை சொல் வெளியே நிற்கிறது என்று தெரியும். எங்கள் பக்கம் வீடு ‘வூடு’. வேல்முருகன் தொண்டையில் அந்த ‘வூ’ கட்டாயம் இருக்கும். அவர் பாடி நான் கேட்ட சினிமாப் பாட்டு எதிலும் அது வந்ததில்லை. நடவு, கும்மி, ஒப்பாரி எல்லாவற்றிலும் புழங்கிய ஊர்ப் பேச்சு, ஒலிவாங்கி முன்னால் வந்ததும் தெற்கத்திச் சட்டை போட்டுக்கொள்கிறது.

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் இருக்கிறார். முருகன்தான். தீராத வழக்கை வெள்ளைத் தாளில் எழுதி அவருக்குப் ‘பிராது’ கட்டுவார்கள். காணாமல் போன மாடு, திருப்பித் தராத கடன், ஓடிப்போன பிள்ளை எல்லாம் அங்கே மனுவாகத் தொங்கும். காரியம் முடிந்ததும் வந்து ‘ராஜினாமா’ செய்து பிராதை எடுத்துக்கொள்ள வேண்டும். போன மாசி மகத்துக்கு வந்த நண்பர் ஒருவரை அங்கே அழைத்துப் போயிருந்தேன். அவர் ஏதோ நிலத் தகராறு எழுதினார். எனக்கு நிலமில்லை. சும்மா நிற்பானேன் என்று ஒரு தாள் வாங்கி, மணிமுத்தாற்றங்கரையில் கதை நடக்கிற ஒரு படமும், அதில் ‘வூடு’ என்று வருகிற ஒரு பாட்டும், அதை முதனைக்காரர் பாட வேண்டுமென்றும் எழுதிக் கட்டிவிட்டு வந்தேன். தொலைவைக் கணக்குப் பார்த்துப் பணம் கட்டச் சொன்னார்கள். எனக்கு உள்ளூர், கொஞ்சம்தான்.

இன்னும் ராஜினாமா செய்யவில்லை.