புள்ளிராஜாவுக்கு வயசாகுமா?

"புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முழுக்கப் பரவிய இந்த விளம்பரம் பலருக்கு ஞாபகம் இருக்கும். பேசக் கூச்சப்பட்ட ஒரு விஷயத்தை டீக்கடைப் பேச்சாக்கியது. அந்த வகையில் வெற்றிதான். ஆனா வருமா, வராதா என்பதோடு அதன் கதை முடிந்துபோகிறது. வந்தவர் அப்புறம் என்ன ஆவார் என்று அது கேட்கவே இல்லை.

2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட சில அரசு மருத்துவமனைகளில் இலவச ஏ.ஆர்.டி. மாத்திரை தொடங்கியது. அன்று 40 வயதில் மாத்திரை போட ஆரம்பித்தவருக்கு 2024-இல் 60. அவர் சாகவில்லை, கிழவராகிறார். எடை குறைவது, சோர்வு, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது என்று முதுமைத் தளர்ச்சியும் சேர்ந்து வருகிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இது சீக்கிரமே வரலாம்.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிற சுங்குவார்சத்திரத்தையே எடுத்துக்குங்க. தெரிஞ்சவங்க கண்ணில் படக் கூடாதென்று பக்கத்து மையத்தை விட்டு தூரத்து மையத்துக்குப் போகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இங்கிருந்து தாம்பரம் வரை பஸ்ஸில் போவது 40 வயதில் முடியும். 60-இல் கால் ஒத்துழைக்காது. துணைக்கு ஆள் கூப்பிட்டால் ரகசியம் போச்சு. கூப்பிடாவிட்டால் மாத்திரை நின்றுபோகும். மறைப்பதற்கும் உடம்பில் தெம்பு வேணும். களங்கம் பற்றிய நம் பிரசாரங்கள் தவறவிட்டது இதைத்தான்.

புள்ளிராஜா மாத்திரை வாங்கப் போகும்போது கூட யார் போவாங்க? இனி பேனரில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.