படிவமும் படிப்பும்

நோய் பரவும் இடத்துக்கே போய்க் காரணத்தைத் துருவும் மருத்துவர்களை உருவாக்க இந்தியா தனிப் படிப்பை நம்பியது. இலங்கை பதவியை நம்பியது. சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 2001 முதல் களப்பயிற்சி அளிக்கிறது. தில்லியின் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012இல் ஈராண்டுப் பயிற்சி ஒன்றைத் தொடங்கியது. இலங்கையிலோ 1926இல் களுத்துறையில் முளைத்த சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் பரவி, சுகாதார வைத்திய அதிகாரி என்ற பதவியையே பள்ளிக்கூடமாக்கிவிட்டது. பயிற்சி எவ்வளவு சிறந்ததானாலும், முடித்தவர் போய் உட்கார ஒரு நாற்காலி இல்லாவிட்டால் அது நிலைக்காது என்பதே என் வாதம்.

அந்த நாற்காலியின் வேலையைப் பாருங்கள். இலங்கை மருத்துவமனை வார்டில் ஒருவருக்கு டெங்கு என்று சந்தேகம் எழுந்தாலே 544ஆம் இலக்கப் படிவத்தை நிரப்பிவிடுகிறார்கள். ஆய்வுகூட முடிவுக்குக் காத்திருப்பதில்லை. படிவம் நோயாளி குடியிருக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போகிறது. பொதுச் சுகாதார பரிசோதகர் வீட்டுக்கே போய் விசாரித்து, தண்ணீர் தேங்குமிடங்களைப் பார்த்து, 411ஆம் படிவத்தோடு திரும்புகிறார். வாரந்தோறும் அந்தக் கணக்கு, 1959இல் அமைந்த தொற்றுநோயியல் பிரிவுக்குப் போய்ச் சேர்கிறது. ஒரு நோயாளியையும் விடாமல் வீடுவரை தொடரும் இதே பழக்கம் மலேரியா ஒழிப்பிலும் கைகொடுத்தது. உள்நாட்டிலேயே தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 அக்டோபரில் பதிவானார். 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

இந்தியப் படிப்பின் கூர்மையைப் பீகாரின் முசாபர்பூரில் கண்டோம். 2014 கோடையில் அங்கே இரண்டு மருத்துவமனைகளில் 390 பேர் மூளைப் பாதிப்போடு சேர்க்கப்பட்டார்கள். 122 பேர் இறந்தார்கள். அனைவரும் பிள்ளைகள். தில்லி மையத்தின் பயிற்சி மருத்துவர்கள் அடங்கிய குழு நோயுற்ற பிள்ளைகளையும் உறாத பிள்ளைகளையும் ஒப்பிட்டுக் கேட்டதில், லிச்சிப் பழம் தின்றதும் இரவுச் சாப்பாடு தவறியதும் வெளிப்பட்டன. இரத்தச் சர்க்கரை விழுந்து வலிப்பு வந்திருக்கிறது. அருமையான துப்பறிதல். ஆனால் 2019இல் அதே வட்டாரத்தில் மீண்டும் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டார்கள். காரணத்தைக் கண்டறிவது ஒரு குழுவின் வேலை. பிள்ளையைப் பட்டினியாகத் தூங்க விடாதீர்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் வீடுவீடாகச் சொல்ல வைப்பது அங்கேயே இருக்கும் அதிகாரியின் வேலை.

சிறிய தீவின் முறை இவ்வளவு பெரிய நாட்டுக்குப் பொருந்துமா என்பார்கள். இலங்கையைப்போல் மூன்று மடங்கு மக்கள்தொகை கொண்ட தமிழ்நாட்டில், 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமும் தனி இயக்குநரகமும் அதற்கெனப் பணியாளர் அணியும் உண்டே. எல்லா மாநிலங்களிலும் இப்படியோர் அணி வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கையும் சொல்கிறது. ஆகவே அளவைக் காரணம் காட்டுவது எனக்கு ஏற்புடையதல்ல.

அன்றாடப் படிவ வேலை கேள்வி கேட்கும் புத்தியை மழுக்கிவிடும் என்ற மறுப்புக்குத்தான் வலு அதிகம். அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலிலுள்ள தொற்றுகளுக்காக நெய்த வலை அந்தப் படிவ முறை. இலங்கையின் அநுராதபுரத்து விவசாயிகளின் சிறுநீரகத்தை ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி அரித்த நோய் அதில் எளிதாகச் சிக்கவில்லை. அந்த நோய் 1990களில் கவனத்துக்கு வந்தது; அதன் காரணம் பல ஆய்வுகளுக்குப் பிறகும் ஐயமற நிறுவப்படவில்லை. முசாபர்பூரில் கேட்ட மாதிரி கேட்கத் தெரிந்தவர்கள் கொழும்பில் மட்டும் இருந்தால் போதாது; வயல் ஓரத்துச் சுகாதார அலுவலகத்திலும் இருக்க வேண்டும்.